கண்ணாடித் தொட்டியில் ஒரு நீலம்

அரங்கநாயகம் ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். காமாலைக்காரனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். இவருக்குக் கண்டவரெல்லாம் டிக்கெட் இல்லாதவர்கள்.

இப்போது புகைப்படம் எடுக்கக் கற்றுக்கொள்கிறார். அவருடைய குரு ஜெசிந்தாவுக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். கண்ணாடித் தொட்டியில் தண்ணீரை நிரப்பி ஒரு நாள் அசையாமல் விட்டுவைப்பாள். பிறகு சொட்டுச் சொட்டாகப் பெயிண்டை விடுவாள். நிறம் தண்ணீருக்குள் இறங்கி, விரிந்து, சுருண்டு என்னென்னவோ ஆகும். அந்தச் சில மூச்சுக்குள் படம் எடுத்துவிட வேண்டும். தவறினால் தொட்டி முழுக்கக் கலங்கல்தான்.

அவள் எடுத்தால் நிறம் பூத்தது. இவர் எடுத்தால் சாக்கடைத் தண்ணீர். அதே தொட்டி, அதே வெளிச்சம். சந்தேகம் வராமல் என்ன செய்யும்? தனக்கு ஒரு பாட்டில், எனக்கு ஒரு பாட்டில் வைத்திருக்கிறாள் என்று மனிதர் முடிவே கட்டிவிட்டார்.

மறுநாள் மாணவர்களின் கண்காட்சி. மாலைக்குள் படம் அச்சுக்குப் போயாக வேண்டும். சுவரில் அவர் பெயரை ஒட்டி இடம் விட்டிருந்தார்கள். கூட வேலை பார்த்தவர்களை எல்லாம் அவர் பெருமையாக அழைத்திருந்தார். தெளிந்த தண்ணீர் ஒரே ஒரு தொட்டிதான் இருந்தது.

“நான் ஊத்தறேன். நீங்க எடுங்க சார்,” என்றாள் ஜெசிந்தா.

இன்றைக்காவது கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று அரங்கநாயகம் கேமராவை ஓசைப்படாமல் அவள் கைப்பக்கம் திருப்பினார். எடுத்தார். அவசரமாகத் தொட்டிக்குத் திரும்பினார். நீலம் அதற்குள் கரைந்துபோயிருந்தது.

“வந்துச்சா சார்?”

“பாட்டில்ல என்ன இருக்கு டீச்சர்?” பழைய ரயில் குரல் தானாக வந்தது.

“பெயிண்ட்தான். மெதுவா இறங்கட்டும்னு கொஞ்சம் ஸ்பிரிட் கலப்பேன்.”

“என்கிட்ட ஏன் சொல்லலை?”

“நீங்க கேக்கவே இல்லையே.”

“எனக்கும் இதே பாட்டில்தானா?”

ஜெசிந்தா அவர் கேமராவை வாங்கிப் பழைய படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினாள். போன மாதத்துப் படம், போன வாரத்துப் படம், இன்றைய படம். எல்லாவற்றிலும் அவள் கை. கையில் அதே பாட்டில், அதே உடைந்த மூடி. ஒவ்வொரு கைக்கும் அடுத்த படமாகக் கலங்கிய தண்ணீர்.

அரங்கநாயகத்துக்குக் காது மடல் சுட்டது. அவமானமாக இருந்தது.

“இன்னொரு தொட்டி?”

“இப்ப நிரப்பினா நாளைக்குத்தான் தெளியும்.”

“அப்ப என் இடம்?”

“காலியாத்தான் இருக்கும் சார்.”

வருகிறவர்களிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் அவர் தலை குனிந்து நின்றார். ஜெசிந்தா கலங்கல் தண்ணீரைக் கொட்டிவிட்டு, தொட்டியைக் கழுவிப் புதுத் தண்ணீர் பிடித்து வைத்தாள். உடைந்த மூடி போட்ட பாட்டிலை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

“நாளைக்கு நீங்களே ஊத்துங்க. உங்க கையை நான் பாத்துக்கறேன். நீங்க தண்ணியைப் பாருங்க.”