சிவப்புப் பேனாவை மூட வைத்தவள்

எங்கள் நூலகத்தில் ஞாயிறுதோறும் ஒருவர் எழுதிய கதையை மற்றவர்கள் வாங்கிப் படித்துக் கருத்துச் சொல்வது வழக்கம். அந்தக் குழுவுக்குத் தலைவர் பேராசிரியர் திருவேங்கடம். பேக்கரியில் வேலை பார்க்கும் என்னிடம் ஒருநாள் சொன்னார்: "அடுத்த வாரம் குறையே இல்லாத கதை கொண்டு வாம்மா. இல்லாட்டி இந்தப் பக்கம் வராதே."

கொண்டுபோனேன். சிவப்புப் பேனாவால் பதினெட்டு இடத்தில் சுழித்தார். "உயிரே இல்லை!"

"முப்பது வருஷத்துக்கு முன்னால கல்லூரி மலர்ல நீங்க எழுதினது சார். அப்படியே பார்த்து எழுதினேன்."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் பேனாவை மூடிக்கொண்டு போனவர், திரும்பி வரவேயில்லை.

இப்போது நான் எது எழுதினாலும் "அருமை" என்கிறார்கள். போன வாரம் வேண்டுமென்றே கடைசிப் பக்கத்தை எடுத்துவிட்டுக் கொடுத்தேன்.

"முடிவு பிரமாதம்" என்றார்கள்.