ராணி ஒரு பானையில், தேன் ஒரு பானையில்

முதலில் ஒரு விடுகதை. பதில் சொன்னால்தான் கதைக்குள் போகலாம்.

வாசல் ஒன்று, வீட்டுக்குள் ஆட்கள் ஏராளம். அம்மா ஒருத்தி, தொட்டில்கள் எண்ணி மாளாது. ஒவ்வொரு தொட்டிலுக்கும் ஆறு மூலை. வீட்டில் அடுப்பு கிடையாது. ஆனால் ஊரே நடுங்கும் பனிக்காலத்திலும் அந்த வீட்டின் நடுவில் மட்டும் கதகதப்பு. அது என்ன வீடு?

அரண்மனையா? அடுப்பு இல்லாத அரண்மனையில் எந்த ராஜா குடியிருப்பார்? எறும்புப் புற்றா? கிட்டே வந்துவிட்டீர்கள். எறும்புக்கு இறக்கை வைத்துப் பாருங்கள். ஆம், தேன்கூடு! பின்னால் உட்கார்ந்திருப்பவர் அப்போதே சொன்னார். மெல்லச் சொன்னதால் யார் காதிலும் விழவில்லை. தெரிந்ததைக் கொஞ்சம் உரக்கச் சொல்ல வேண்டும், ஐயா.

சரி, கதைக்குள் வாருங்கள்.

மேகங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகும் அளவுக்கு உயரமான ஒரு மலை நாடு, முன்னொரு காலத்தில் இருந்தது. மழை ஓய்ந்ததும் அங்கே பனி இறங்கும். காலையில் புல்லை மிதித்தால் அப்பளம்போல் நொறுங்கும். அந்த மாதங்களில் பூ ஒன்றும் பூக்காது.

அந்த நாட்டின் தலைவனும் தலைவியும் ஒரே காய்ச்சலில் இறந்துபோனார்கள். அவர்களுக்கு ஒரே மகள். பெயர் காந்தள். வயது ஏழு. முன்பல் இரண்டும் விழுந்திருந்தன.

ஏழு வயதுப் பிள்ளை நாட்டை ஆள முடியுமா? முடியாது. அவள் வளரும்வரை அவளையும் நாட்டையும் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும். மூன்று பேர் முன்வந்தார்கள்.

முதலாமவர் பெரியப்பா சாத்தன். அப்பாவின் அண்ணன். பலாப்பழம்போல் வயிறு, பலாச்சுளைபோல் பேச்சு.

இரண்டாமவள் அத்தை எயினி. அப்பாவின் தங்கை. அவள் வீட்டில் விளக்குமாறுகூட நேராகத்தான் நிற்கும்.

மூன்றாமவர் மாமன் கோடன். அம்மாவின் தம்பி. குளிர் தாங்காதவர். வெயிலிலும் கம்பளியோடு அலைவார். எதிரே யார் வந்தாலும், "குளிர்கிறதா?" என்று கேட்பார். ஆட்டைப் பார்த்தும் கேட்பார்.

இப்படிப் பலர் போட்டி போட்டால் தீர்ப்பதற்கு அந்த நாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. ஆளுக்கு ஒரு பானைத் தேனீக்களைக் கொடுப்பார்கள். பனிக்காலம் முழுவதும் அவற்றை வைத்துக் காக்க வேண்டும். வேங்கை மரம் பூக்கும் நாளில் சபைக்குக் கொண்டுவர வேண்டும். யாருடைய பானையில் தேனீக்கள் உயிரோடு இருக்கின்றனவோ, பிள்ளை அவருக்கு. கெட்ட காலத்தில் சின்ன உயிர்களைக் காப்பாற்றத் தெரிந்தவரே பிள்ளையையும் காப்பாற்றுவார் என்பது அவர்கள் கணக்கு.

சபையின் பெரியவர்கள் மூன்று பானைகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். பெரியப்பா மூன்றையும் தூக்கிப் பார்த்துக் கனமானதை எடுத்துக்கொண்டார். அத்தை காதை வைத்துக் கேட்டு, இரைச்சல் அதிகமாக இருந்ததை எடுத்துக்கொண்டாள். மிஞ்சியது சிறு பானை. மாமன் அதைக் கம்பளிக்குள் அணைத்துக்கொண்டு, "குளிர்கிறதா?" என்று கேட்டார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பனிக்காலத்தில் தேனீக்கள் தூங்குவதில்லை. ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு பந்துபோல் திரண்டு நிற்கும். நடுவில் ராணி. சுற்றி நிற்பவை உடம்பை நடுக்கி நடுக்கிச் சூடு உண்டாக்கும். சேர்த்துவைத்த தேனைத் தின்றுதான் அந்தச் சூடு. ஆகவே பூக்காலத்தைப் பார்க்க ஒரு கூட்டுக்கு மூன்று வேண்டும்: நிறையத் தேனீ, நிறையத் தேன், ஒரு ராணி. ஒன்று குறைந்தாலும் கூடு பிழைக்காது.

பெரியப்பா வீட்டுக்குப் போனதும் பானையைத் திறந்தார். "எவ்வளவு தேன்! இத்தனூண்டு பூச்சிக்கு இவ்வளவு எதற்கு?" என்றார். தோசைக்கென்று ஒரு தேனடையை எடுத்தார். இருமலுக்கென்று இன்னோர் அடையை எடுத்தார். இருமல் திரும்ப வந்தால் என்ன செய்வது என்று மூன்றாவதையும் எடுத்தார். தேனீக்கள் காலியான வீட்டைச் சுற்றிப் பார்த்தன. பனி இறங்குவதற்குள் காட்டுப் பக்கம் பறந்துபோயின. பெரியப்பாவுக்கு அது தெரியவே தெரியாது. தேன் தீர்ந்த பிறகு அவர் பானைப் பக்கம் போனால்தானே!

அத்தை எல்லாவற்றையும் முறைப்படி செய்தாள். ஒரு துளி தேனையும் எடுக்கவில்லை. பானையை ஈரத் தரையில் வைக்காமல் கல்மேல் வைத்தாள். உள்ளே வேர்த்த நீர் வடிந்துவிடும்படி வாசல் பக்கம் லேசாகச் சாய்த்தாள். எலி நுழையாதபடி வாசலைக் களிமண்ணால் சுருக்கினாள். மேலே புல்கூரை போட்டாள். கையைத் தட்டிக்கொண்டு, "இனி வேங்கை பூக்கட்டும்" என்றாள். ஒன்றை மட்டும் அவள் பார்க்கவில்லை. ராணிக்கு வயதாகிவிட்டதா என்று பார்க்கவில்லை. "நான் எடுத்த பானையில் குறை இருக்குமா?" என்பது அவள் எண்ணம்.

மாமன் பானைக்குக் கம்பளி சுற்றினார். கம்பளிமேல் கம்பளி சுற்றினார். காற்றுப் புகும் ஓட்டைகளை எல்லாம் சாணத்தால் அடைத்தார். வாசலைக்கூட அடைத்துவிட்டு, பிறகு பயந்து, ஊசி நுழையும் அளவுக்குத் திறந்தார். காலையில் மூடியைத் திறந்து, "குளிர்கிறதா?" என்பார். மதியமும் திறப்பார். மாலையும் திறப்பார். தேனீக்கள் பாடுபட்டுச் சேர்த்த சூடெல்லாம் ஒவ்வொரு முறையும் ஆவியாகி மாமன் முகத்தில் அடிக்கும். "ஆகா, கதகதப்பாக இருக்கிறார்கள்" என்று மூடிவிடுவார். அடைத்த பானைக்குள் ஈரம் தங்கியது. தேனடையில் பூஞ்சணம் பூத்தது. தேனீக்கள் நாளுக்கு நாள் உதிர்ந்தன.

மார்கழியும் வந்தது. ஒருநாள் அத்தையின் பானை வாசலில் நீண்ட உடம்பும் குட்டை இறக்கையுமாக ஒரு தேனீ செத்துக் கிடந்தது. அது ராணி. அன்றிலிருந்து பானைக்குள் சத்தம் மாறியது. தட்டினால் 'உம்' என்று சுருக்கமாகப் பதில் சொல்லும் கூடு, இப்போது 'ஊ' என்று நீளமாக இழுத்தது.

அதே நாளில் மாமன் மூடியைத் திறந்தார். உள்ளே ராணி இருந்தது. அதைச் சுற்றி ஒரு கைப்பிடித் தேனீக்கள் இருந்தன. வேறு ஒன்றும் இல்லை.

இருவரும் யாரிடமாவது யோசனை கேட்கக் கிளம்பி, வழியில் சுனைக்கரையில் எதிரெதிரே வந்து நின்றார்கள்.

"என்ன மச்சானே, முகம் இப்படிக் கிடக்கிறது? உங்கள் தேனீக்களுக்குக் கம்பளி பற்றவில்லையா?"

"உங்கள் பானை அழுகிற சத்தம் என் வீடுவரை கேட்கிறது, மதினி. ராணி போய்விட்டது போலிருக்கிறதே?"

"என் பானையில் ராணி மட்டும்தான் இல்லை. உங்கள் பானையில் ராணியைத் தவிர என்ன இருக்கிறது?"

மாமன் கம்பளியை இறுக்கிக்கொண்டார். இருவரும் சுனையைப் பார்த்தார்கள். சுனை அவர்களைப் பார்த்தது.

"உங்கள் ராணியை என் பானைக்குக் கொடுங்கள்" என்றாள் அத்தை.

"உங்கள் தேனீக்களை என் பானைக்குக் கொடுங்கள்" என்றார் மாமன்.

"கொடுத்தால் பிள்ளை உங்களிடம் வந்துவிடும். தும்மினால் ஒரு மாதம் வீட்டுக்குள் பூட்டி வைப்பீர்கள்."

"உங்களிடம் வந்தால் மட்டும்? 'ஓட்டைப் பல்லைக் காட்டாமல் ஒழுங்காகச் சிரி' என்பீர்கள்."

"ஒழுங்காகச் சிரித்தால் என்ன கெட்டுவிடும்?"

"பார்த்தீர்களா!"

இருவரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பி நடந்தார்கள். தப்பாக நினைக்காதீர்கள். இருவருக்கும் பிள்ளைமேல் உயிர். அதனால்தான் அவ்வளவு கோபம்.

மாமன் வீட்டுக்கு வந்து பானையில் காதை வைத்தார். சத்தம் நூல்போல் மெலிந்து வந்தது. மூடியைத் திறக்கக் கை போனது. முதன்முறையாகக் கையை இழுத்துக்கொண்டார்.

'நான் பிடித்துவைத்திருந்தால் இது நாளைவரை என்னுடையது. நாளை மறுநாள் இது யாருடையதும் இல்லை' என்று நினைத்தார். காந்தளின் ஓட்டைப் பல் சிரிப்பு நினைவுக்கு வந்தது. அது அத்தை வீட்டு முற்றத்தில் கேட்கப்போகிறது என்பதும் நினைவுக்கு வந்தது. ஆனாலும் பானையைக் கம்பளிக்குள் அணைத்துக்கொண்டு, வெயில் சாய்வதற்குள் மலைச்சரிவைத் தாண்டிப் போய் அத்தையின் கதவைத் தட்டினார்.

"எடுத்துக்கொள்ளுங்கள், மதினி. பானை உங்களுடையதாகவே இருக்கட்டும். இது சாகக்கூடாது."

அத்தை அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வாசலில் நிற்காதீர்கள். குளிர் உள்ளே வருகிறது" என்றாள்.

ஒரு கூட்டுத் தேனீயை இன்னொரு கூட்டில் அப்படியே கவிழ்த்தால் அங்கே இருப்பவை அவற்றைக் கொட்டியே கொன்றுவிடும். வாசனை வேறு. ஆகவே அத்தை தன் பானையின் வாயில் ஓர் இலையை விரித்தாள். முள்ளால் அதில் சின்னச் சின்ன ஓட்டைகள் போட்டாள். அதன்மேல் மாமனின் பானையைக் கவிழ்த்தாள். இரண்டு பக்கத்துத் தேனீக்களும் இலையைக் கடித்து முடிப்பதற்குள் ஒன்றின் வாசனை மற்றொன்றுக்குப் பழகிவிடும்.

"கொஞ்சம் தூக்கிப் பார்க்கலாமா?" என்றார் மாமன்.

அத்தை அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

இலைத் துணுக்குகள் வாசலில் வந்து விழுந்தன. பானையைத் தட்டினால் 'உம்' என்றது.

வேங்கை பூத்தது. சபை கூடியது. காந்தள் நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

பெரியப்பாவுக்கு அன்று காலையில்தான் பானை நினைவுக்கு வந்தது. திறந்தால் காலி. ஓடிப்போய் மரத்தைத் துளைக்கும் கருவண்டுகள் மூன்றைப் பிடித்துப் போட்டு மூடிக்கொண்டு வந்தார். சபையில் பானையைக் குலுக்கினார். 'ஙொய்ங்' என்று இடிபோலச் சத்தம் வந்தது.

"ஆகா! எவ்வளவு கொழுத்த தேனீக்கள்!" என்றார் ஒரு பெரியவர்.

"எப்படி வளர்த்தீர்கள்?" என்றார் இன்னொருவர்.

"எல்லாம் அன்புதான்" என்றார் பெரியப்பா.

மூன்றாவது பெரியவர் மூடியைத் திறந்தார். வண்டுகளில் ஒன்று நேரே வந்து அவர் மூக்கில் மோதியது. காந்தள் ஓட்டைப் பல் தெரியச் சிரித்தாள். பெரியப்பா, "வளர்ப்பு கொஞ்சம் அதிகமாகிவிட்டது போலிருக்கிறது" என்று சொல்லிப் பின்வரிசைக்குப் போய்விட்டார்.

அடுத்து அத்தையின் பானை. தேனீக்கள் வரிசையாக வெளியே வந்து, வெயிலில் இறக்கையை உதறி, வேங்கைப் பூவைப் பார்த்துப் பறந்தன. சபை கை தட்டியது.

"மாமன் கோடன் எங்கே?"

அவர் வெறுங்கையோடு நின்றார். "என்னிடம் பானை இல்லை" என்றார்.

"அப்படியானால் தீர்ப்பு எளிது" என்றார் மூத்த பெரியவர். "பிள்ளை..."

"பொறுங்கள்" என்றாள் அத்தை. மேலே பேசுவதற்குள் அவள் முந்தானையை மூன்று முறை சரிசெய்துவிட்டாள். "என் ராணி மார்கழியிலேயே செத்துப்போயிற்று. இது இவருடைய ராணி. பானை போகும், பிள்ளையும் போகும் என்று தெரிந்தே கொண்டுவந்து கொடுத்தார்."

பெரியவர்கள் மூவரும் தாடியைத் தடவினார்கள். வழக்கத்தில் இதற்கு வழி இல்லை. தேனும் கூட்டமும் அத்தையுடையவை. ராணி மாமனுடையது. பேசினார்கள், பேசினார்கள், பேசிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் பிள்ளையையே கேட்டுவிடலாம் என்று முடிவுசெய்தார்கள்.

பிள்ளை பேசிவிட்டால் பிறகு என்னை யாரும் கவனிக்க மாட்டீர்கள். அதனால் நீதியை இப்போதே சொல்லிவிடுகிறேன்: காத்தவர் என்ற பெயர் தனக்கு வராவிட்டாலும் உயிர் பிழைத்தால் போதும் என்று நினைப்பவரே உண்மையில் காப்பவர்.

"யாரிடம் இருக்கிறாய், அம்மா?" என்று மூத்த பெரியவர் காந்தளைக் கேட்டார்.

"மாமாவிடம். ஊரையெல்லாம் 'குளிர்கிறதா?' என்று கேட்கிறார், அவரை யாரும் கேட்பதில்லையே" என்றாள் காந்தள்.