ஏரிக்கரை மன்றமும் ஒரு வாய்த் தண்ணீரும்

கீரி மாசானத்துக்கு ஓரிடத்தில் நிற்கத் தெரியாது. அன்றும் வற்றிப்போன காட்டு ஏரியின் கரைமேல் இங்கும் அங்கும் ஓடிக்கொண்டிருந்தது. கீழே ஏரிக்குள் காட்டுப்பன்றி கருத்தான் மண்ணை முகர்ந்துகொண்டிருந்தது.

"என்னவே முகருதீர்?" என்று கத்தியது கீரி.

"கோரைக்கிழங்கு! மண்ணுக்குள்ள பூரா கிழங்கு! குடும்பத்தோட வந்து கிண்டப் போறேன்!"

"இது மைதானம்வே! எங்க கோல்பந்து மைதானம்!"

"அப்படியா? ஆடுதது யாரு? ஒரு வாலைக்கூடக் காணோமே!"

கீரி மைதானத்தைச் சுற்றிப் பார்த்தது. பன்றி சொன்னது உண்மைதான்.

கோல்பந்து என்றால் என்ன என்கிறீர்களா? ஒரு முறைதான் சொல்வேன். நுனி வளைந்த கோல். நார் சுற்றிய விளாங்காய்தான் பந்து. உருட்டலாம், தூக்கி அடிக்கலாம், கோல் நுனியில் ஏந்திக்கொண்டே ஓடலாம். ஏரியின் இரண்டு கோடியிலும் இரண்டிரண்டு கருவேல மரங்கள் நிற்கும். மரங்களுக்கு நடுவே பந்து புகுந்தால் ஒரு பழம். அவ்வளவுதான். மிச்சத்தை ஆடித் தெரிந்துகொள்ளுங்கள்.

இந்த ஆட்டத்தைக் குட்டிகளிடம் பரப்ப ஒரு மன்றம் இருந்தது. ஏரிக்கரைக் கோல்பந்து மன்றம். தலைவர் கரடி. செயலாளர் கீரி மாசானம். மன்றம் இருந்தது, கோல்கள் இருந்தன, மைதானம் இருந்தது. குட்டிகள்தான் இல்லை.

வழக்கு, காட்டில் தீர்ப்புச் சொல்கிற யானையிடம் போனது. யானை இரண்டு பக்கமும் கேட்டது. கீரி நீளமாகப் பேசியது. யானை பாதியிலேயே துதிக்கையைத் தூக்கிவிட்டது.

"போதும். ஆடினால் மைதானம். ஆடாவிட்டால் வெறும் மண். வருகிற பௌர்ணமி அன்று மன்றத்துக் குட்டிகள் ஏழு, கருத்தான் குட்டிகள் ஏழு. உச்சிவெயில் தணிந்ததும் தொடங்கி, பொழுது அடைகிற வரை ஆட வேண்டும். யார் ஜெயித்தால் எனக்கென்ன? ஆனால் மன்றத்துக் குட்டி ஒன்று பாதியில் வெளியேறினாலும் கருத்தான் கிண்டிக்கொள்ளலாம்."

கருத்தான் விழுந்து விழுந்து சிரித்தது. "பாதியா? தொடங்கும்போதே ஏழு பேரு நிக்கட்டும், பாப்போம்!"

மன்றம் வேலையில் இறங்கியது. முதலில் கரடி பேசியது. கோல்பந்தின் பெருமை பற்றி. கேட்க வந்த குட்டிகள் தூங்கிவிட்டன. அடுத்து, வருகிறவர்களுக்கெல்லாம் அத்திப்பழம் என்று குரங்கு அறிவித்தது. குட்டிகள் வந்தன. தின்றன. போய்விட்டன.

கடைசியில் கீரி புதர் புதராக ஓடி, ஒவ்வொரு வீட்டிலும் கெஞ்சி, எப்படியோ ஏழு குட்டிகளைப் பிடித்துவிட்டது. தன் மகள் இசக்கி. மான்குட்டி. குரங்குக்குட்டி. கரடிக்குட்டி. முள்ளம்பன்றிக்குட்டி. இரண்டு முயல்குட்டிகள்.

பயிற்சி தொடங்கியது. குட்டிகள் மைதானத்தில். அப்பா அம்மாக்கள் கரையில்.

பந்து உருண்டது. அவ்வளவுதான், கரை வெடித்தது.

"அடிலே! ஏறி அடி!" என்றது குரங்கு. குரங்குக்குட்டி ஓடிப்போய்க் கருவேல மரத்தில் ஏறிக்கொண்டது.

"ராசாத்தி, வெயில்ல நிக்காதம்மா! நிழலுக்கு வா!" என்றாள் மான்தாய். மான்குட்டி அம்மாவைத் திரும்பிப் பார்த்தது. பந்து அதன் மூக்கில் வந்து விழுந்தது.

"பின்னால போ! இல்ல, முன்னால! அந்த முயலை நம்பாதே!" என்று கரடி உறுமியது. முயலின் அப்பா அங்கேதான் நின்றது. அது சும்மா இருக்குமா? கரையிலேயே ஒரு சண்டை.

எல்லாரையும்விடப் பெரிய சத்தம் கீரியுடையது. கரையின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓடிக்கொண்டே கத்தியது. "இசக்கி, வலது பக்கம்! இடது! குனி! நிமிரு! கோலைத் தாழப் பிடி! ஏட்டி, எங்கே பாக்குதே? பந்தைப் பாரு!"

இசக்கி கோலைத் தரையில் போட்டாள். கரையேறி நேரே அப்பனிடம் வந்தாள்.

"நான் ஆடல."

"ஏன்? என்ன ஆச்சு? காலுல முள்ளா?"

"பந்து வாரதுக்கு முன்னால உங்க சத்தம் வந்துருது. நான் எதை அடிக்க?"

போய்விட்டாள்.

"பிடிவாதக்காரி!" என்று கீரி முணுமுணுத்தது. ஆனால் மறுநாள் ஒரு முயல்குட்டி வரவில்லை. அடுத்து மான்குட்டிக்கு வயிற்றுவலி என்றார்கள். கோல் கனமாக இருக்கிறதோ என்று கீரி எல்லாக் கோல்களையும் கடித்துச் செதுக்கியது. பந்து பெரிதோ என்று சின்ன விளாங்காயாகப் பொறுக்கி வந்தது. மரத்தைக்கூட இடம் மாற்றலாமா என்று யோசித்தது. பௌர்ணமி நெருங்கியது. கருத்தான் தினமும் வந்து கரையோரம் நின்று பார்த்தது. வாயில் எச்சில் ஒழுக.

ஒரு நாள் வெயில் கொளுத்தியது. கரையில் நின்றவர்கள் ஒவ்வொருவராக நிழலுக்குப் போய்விட்டார்கள். கீரி மட்டும் விடாமல் கத்திக்கொண்டிருந்தது. மைதானத்தில் மிச்சமிருந்த நாலு குட்டிகள் ஏனோதானோ என்று பந்தைத் தட்டிக்கொண்டிருந்தன.

கத்திக் கத்தித் தொண்டை காய்ந்தது. ஏரியின் மூலையில் கொஞ்சம் தண்ணீர் தேங்கியிருந்தது. கீரி ஓடிப்போய் வாய் நிறைய அள்ளியது. விழுங்குவதற்குள் திரும்பிப் பார்த்தது.

முயல்குட்டி பந்தைத் தட்டியது. முள்ளம்பன்றிக்குட்டி அதை வாங்கி, கோல் நுனியில் ஏந்தி ஓடியது. "இங்கே! இங்கே!" என்றது கரடிக்குட்டி. பந்து பறந்து வந்தது. கரடிக்குட்டி அதைத் தரையில் விழவிடாமல் அடித்தது. மரத்துக்கும் மரத்துக்கும் நடுவே! பழம்!

கீரிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தண்ணீரைத் துப்பிவிட்டு, "அப்படித்தான்! அப்படித்தாம்லே!" என்று கூவியது.

நாலு குட்டிகளும் அப்படியே நின்றுவிட்டன. கரையைப் பார்த்தன. பந்து உருண்டு புதருக்குள் போனது. எடுக்க யாரும் போகவில்லை.

கீரியும் நின்றது. அசையாமல் நின்றது. அதன் வாழ்நாளில் அப்படி நின்றதே இல்லை.

அன்று மாலையே மன்றம் கூடியது.

"கரையில நிக்கிற எல்லாரும் வாயில ஒரு வாய்த் தண்ணி வச்சுக்கணும். ஆட்டம் முடியுத மட்டும்" என்றது கீரி.

"என்னது!"

"விழுங்கிட்டா?" என்று கேட்டது முயல்.

"மறுபடி எடும்."

"அப்ப என் பயலுக்கு யாருவே சொல்லிக் கொடுப்பா?" என்றது குரங்கு.

"பந்து சொல்லிக் கொடுக்கும்."

"வெயில் படுமே பிள்ளை மேல!" என்றாள் மான்தாய்.

"படட்டும் தாயீ."

கரடி எழுந்து நின்றது. "நான் தலைவர். தொடக்க உரை ஒண்ணு இருக்கு..."

"உமக்குப் பெரிய வாய். ரெண்டு மடங்கு தண்ணி."

குரங்கு சிரித்தது. "எல்லாம் சரி மாசானம். நீர் வாயை மூடுவீரா?"

கீரி நேரே வீட்டுக்கு ஓடியது. புற்றடியில் இசக்கி படுத்திருந்தாள்.

"இசக்கி, நாளன்னைக்குப் பௌர்ணமி. மான்குட்டியையும் முயல்குட்டியையும் எப்படியாவது கூட்டியாந்துருவேன். நீயும் வந்தாத்தான் ஏழு. இல்லைன்னா மைதானம் போச்சு. நான் பேச மாட்டேன். ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

இசக்கி எழுந்து உட்கார்ந்தாள். "நீங்களா? தூக்கத்துலகூடப் பேசுதீங்க!"

"பேச மாட்டேன்."

"சரி, வாரேன். ஆடுததுக்கு இல்ல. நீங்க வாயை மூடிட்டு நிக்கிறதைப் பாக்க!"

பௌர்ணமி வந்தது. மான்குட்டியும் முயல்குட்டியும்கூட வந்தன. அதே அதிசயத்தைப் பார்க்கத்தான்.

ஒரு பக்கம் மன்றத்துக் குட்டிகள். எதிரே கருத்தானின் ஏழு குட்டிகள், கொழுகொழுவென்று. கரையில் பெரியவர்கள் வரிசையாக நின்றார்கள். கன்னங்கள் உப்பியிருந்தன. கரடி இரண்டு கன்னத்தையும் கையால் தாங்கிக்கொண்டிருந்தது. யானை தரையில் காலைத் தட்டியது. ஆட்டம் தொடங்கியது.

கருத்தான் வாயில் தண்ணீர் இல்லை. அதற்கென்ன கட்டாயம்?

"முட்டுலே! காலை முட்டு! இங்கே வாலே! அங்கே போலே!" என்று தன் குட்டிகளை விரட்டியது. நடுநடுவே கீரியைப் பார்த்துக் கேலி. "என்னவே மாசானம், வாயில கொழுக்கட்டையா? ஒரு வார்த்தை பேசும்! நல்லா இருப்பீர்!"

கீரி பேசவில்லை. வால் துடைப்பம்போல விரிந்துவிட்டது. கரையில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓடியது.

இசக்கிக்குப் பந்து வந்தது. கோலை வீசினாள். தவறிவிட்டது. பன்றிக்குட்டிகள் பழம் போட்டன.

"பாத்தீரா உம்ம மகளை!" என்று கருத்தான் கூவியது. "கோல் பிடிக்கவே தெரியல! அப்பன் சொல்லிக் கொடுத்தா அல்லவா தெரியும்!"

இசக்கி பழக்கத்தில் கரையைத் திரும்பிப் பார்த்தாள். தோளைக் குறுக்கிக்கொண்டாள். இப்போது வரும், இதோ வரும் என்று நின்றாள்.

எதுவும் வரவில்லை. அப்பனின் கன்னம் இரண்டும் பலாக்கொட்டை அடைத்ததுபோல வீங்கியிருந்தன. கண் பிதுங்கியது. மீசை நடுங்கியது. இசக்கிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே பந்தைத் துரத்தி ஓடினாள்.

ஆட்டம் சூடு பிடித்தது. மன்றம் ஒரு பழம் போட்டது. பன்றிகள் ஒன்று. மறுபடி மன்றம். வெயில் சாய்ந்தது.

அப்போதுதான் வினை வந்தது. மான்குட்டி அடித்த பந்து கருவேல மரத்தை உரசிக்கொண்டு போனது. உள்ளேயா? வெளியேயா?

"உள்ளே!" என்றது மான்குட்டி.

"வெளியே!" என்றது குரங்குக்குட்டி. தன் பக்கத்து ஆள்தான், ஆனாலும் அதற்கு வாய் சும்மா இராது. "உனக்கு அடிக்கவே தெரியாது. கண்ணை மூடிட்டுத்தானே அடிச்சே?"

மான்குட்டியின் கண் கலங்கியது. கோலைப் போட்டது. கரையை நோக்கி நடந்தது.

கரையில் மூச்சு நின்றது. ஒரு குட்டி வெளியேறினாலும் மைதானம் போய்விடும்.

"வா கண்ணு, வா!" என்று கருத்தான் குழைந்தது. "மேலே ஏறி வா! என்னத்துக்கு அழுதுக்கிட்டு? அம்மாகிட்டே போ!"

மான்தாயின் தொண்டையில் 'களுக்' என்றது. பதற்றத்தில் தண்ணீரை விழுங்கிவிட்டாள். இப்போது அவள் வாய் காலி. கூப்பிட்டால் பிள்ளை ஓடிவந்துவிடும். திட்டினால் அழுதுகொண்டே இன்னும் வேகமாக வந்துவிடும். கீரி அவளைப் பார்த்தது. மற்ற எல்லாரும் பார்த்தார்கள். யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது.

மான்தாய் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

மான்குட்டி கரையின் அடியில் வந்து நின்றது. ஒரு காலைத் தூக்கியது. அம்மாவைப் பார்த்தது. அம்மா அழைக்கவில்லை, அதட்டவும் இல்லை. தூக்கிய கால் தூக்கியபடி இருந்தது.

"ஏட்டி!" என்று பின்னாலிருந்து இசக்கி கூப்பிட்டாள். "உன் கோலு இங்கே கிடக்கு. உள்ளேயோ வெளியேயோ, இன்னொரு தடவை நீயே அடி. இந்தக் குரங்குப்பய எடுத்துக் கொடுப்பான். கொடுப்பியாலே?"

"கொடுக்கேன், கொடுக்கேன்" என்றது குரங்குக்குட்டி, தலையைச் சொறிந்துகொண்டு.

பன்றிக்குட்டிகளில் மூத்தது கத்தியது. "அடிக்கப் போறியா இல்லையா? நாங்க எவ்வளவு நேரம் நிக்க?"

மான்குட்டி காலைக் கீழே வைத்தது. மூக்கை உறிஞ்சியது. திரும்பி ஓடியது.

அந்தப் பந்தும் வெளியேதான் போனது. இந்த முறை மான்குட்டியே சிரித்துவிட்டது.

சூரியன் மரங்களுக்குப் பின்னால் இறங்கியது. யானை காலைத் தட்டியது. "பொழுது அடைந்துவிட்டது. ஒருத்தரும் வெளியேறவில்லை. மைதானம் மைதானமாகவே இருக்கட்டும்!"

கருத்தான் விடவில்லை. "இன்னைக்கு ஆடினாப் போதுமா? நாளைக்கு இதுக ஒண்ணும் வராது. அப்ப வந்து கிண்டுவேன்! ஏலே, வாங்கலே, போவோம்!"

ஏழு பன்றிக்குட்டிகளில் ஒன்றுகூட நகரவில்லை.

"காது கேக்கலையா? வாங்கலே!"

"எப்பா, கிண்டாதீங்க!" என்றது மூத்த குட்டி. "பள்ளம் விழுந்தா பந்து நின்னுரும்."

"நீ யாரு பக்கம்லே?"

"வழி விடுங்கப்பா, பந்து வருது!"

பந்து வந்தது. கருத்தான் துள்ளி விலகியது. பதினாலு குட்டிகளும் அதன் பின்னால் புழுதி கிளப்பிக்கொண்டு ஓடின. எந்தக் குட்டி எந்தப் பக்கம் என்று பார்க்கிறவர்களுக்குப் புரியவில்லை. குட்டிகளுக்கும் அது ஒரு பொருட்டாக இல்லை.

அப்போதுதான் கீரி வாயிலிருந்த தண்ணீரை விழுங்கியது. வாய் காலியானது. இசக்கியிடம் சொல்ல ஆயிரம் இருந்தது. கோலைத் தாழப் பிடித்திருக்கலாம். பன்றிகளின் இரண்டாவது பழத்தைத் தடுத்திருக்கலாம்.

ஒன்றும் சொல்லவில்லை. கரையில் உட்கார்ந்தது.

பக்கத்தில் கருத்தான் மகனை அதட்ட வாயைப் பெரிதாகத் திறந்தது. அதே நேரம் அந்த மகன் பந்தைத் தூக்கி அடித்தான். பந்து பறந்தது. திறந்த வாய் மூடாமல் கருத்தான் அதையே பார்த்தது. பிறகு மெல்ல மூடிக்கொண்டது.

குட்டிகள் ஆட வேண்டுமென்று ஆசைப்படுகிற பெரியவர்கள், முதலில் தங்கள் வாயை அடக்கி அவர்களை ஆடவிட வேண்டும்.