பரங்கிக்கொடியில் ஒட்டுப்பூ வந்தது எப்படி

அந்தக் காலத்தில் செடிகொடிகளுக்கு வாய் இருந்தது. கத்தரி வம்பு பேசும். மிளகாய் சண்டைக்கு இழுக்கும். பரங்கிக்கொடி மட்டும் நல்ல பெயர் எடுத்திருந்தது. யார் என்ன கேட்டாலும் "சரி" என்று சொல்லிவிடும். அப்படி எடுத்த நல்ல பெயரால் உருப்பட்டவர்களை நான் இதுவரை பார்த்ததில்லை.

கண்மாய்த் தண்ணீரை நம்பி விவசாயம் செய்யும் ஊர் ஒன்றில் மேலக்காடு, கீழக்காடு என்று இரண்டு பங்கு நிலம் இருந்தது. கண்மாய் நிறைந்து மடை திறக்கும் அன்று இரண்டு காட்டுக்காரர்களும் மடைக்கல்லில் அம்மனுக்குப் பரங்கிக்காய் வைப்பார்கள். எந்தக் காட்டுக் காய் பெரிதோ அந்தக் காட்டுக்கு முதல் தண்ணீர். மேலக்காட்டு மண் கொழுத்த மண். வருஷம் தவறாமல் அவர்கள் காய்தான் பெரிதாக இருந்தது. அவர்களுக்குப் போக மிச்சம் இருந்தால் கீழக்காட்டில் பயிர் பிழைக்கும். இல்லையென்றால் கருகும்.

கீழக்காட்டில் காத்தாயி என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் சடையாண்டி அந்த ஆடியில் தீர்மானமாகச் சொல்லிவிட்டான். "இந்த வருசமும் தண்ணி வரலைன்னா உப்பளத்து வேலைக்குப் போயிருவோம். இனி என்னால பட்டுப்போன பயிரைப் பார்த்துக்கிட்டு இருக்க முடியாது."

காத்தாயிக்கு ஊரைவிட்டுப் போக மனமில்லை. அன்றைக்கே ஒரு பரங்கி விதையை ஊன்றினாள். முளைத்த கொடியிடம், "தாயி, மேலக்காட்டான் கண்டிராத காய் ஒண்ணு எனக்குத் தரணும்" என்றாள்.

"சரி" என்றது கொடி.

தினமும் ஒரு கூடை எரு கொண்டுவந்து கொட்டினாள். "போதுமா தாயி?" என்று கேட்பாள். போதும் என்றுதான் கொடிக்குத் தோன்றும். ஆனால் வெயிலில் சுமந்து வந்தவள் முகத்தைப் பார்த்தால் அதற்கு அப்படிச் சொல்ல வராது. "உனக்கு வேணும்னா போடு" என்றுவிடும்.

கொடி முதலில் ஆண் பூக்களைப் பூத்தது. அது அதன் முறை. ஆண் பூ நீண்ட காம்பில் நிற்கும். பிறகு, உடம்பு தயாரானதும், கணுவுக்கு ஒன்றாகப் பெண் பூ வரும். அதன் அடியில் கோலிக்குண்டு அளவில் பிஞ்சு இருக்கும். காத்தாயி தினமும் வந்து பார்த்தாள். காம்புப் பூவாகவே வந்துகொண்டிருந்தது. மேலக்காட்டில் அதற்குள் பிஞ்சு பிடித்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள்.

அந்தச் சமயத்தில் ஆடு மேய்க்கும் கீதாரி கருமலை செம்மறி மந்தையோடு ஊருக்கு வந்தார். வெறும் நிலத்தில் இரவு ஆடுகளை அடைத்துக் கிடை போட்டால் புழுக்கை விழுந்து வயல் முழுக்க எருவாகும். காத்தாயி அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, என் கொடியைச் சுத்தி முள்ளு அடைச்சுத் தாரேன். அதைச் சுத்திக் கிடை போடுங்க. ஒரு வாரத்துக்குப் போடுங்க."

"ஒத்தைக் கொடிக்கு எவளாச்சும் கிடை போடுவாளா? வயக்காட்டுக்கே ஒரு ராத்திரி போதும் தங்கச்சி. புழுக்கை சூடு வேற."

"ஆட்டெரு அவ்வருசம், மாட்டெரு மறுவருசம்னு நீங்கதானே சொல்வீங்க. எனக்கு இந்த வருசம்தான் வேணும்."

கருமலை கொடியைப் பார்த்தார். "நீ என்னம்மா சொல்றே?"

கொடி இலைகளைக் கவிழ்த்துக்கொண்டது. "அவ ஆசைப்படுறா. போடுங்க."

ஒரு வாரம் கிடை கிடந்தது. அடியில் புழுக்கைச் சூடு. மேலே புரட்டாசி வெயில் பொன் உருகக் காய்ந்தது. கொடி தலைதெறிக்க ஓடியது. உருண்டையாக இருந்த தண்டு பனையோலைபோலத் தட்டையானது. எந்தக் கணுவில் எதை விடுவது என்று யோசிக்க அதற்கு நேரமே கிடைக்கவில்லை. அடுத்தடுத்த கணுவில் வரவேண்டிய இரண்டு பெண் பூக்கள் ஒரே கணுவில் முட்டிக்கொண்டு வந்தன. இதழ்கள் ஒன்றோடொன்று பிணைந்திருந்தன. அடியில் இரண்டு பிஞ்சுகள் முதுகோடு முதுகு ஒட்டியிருந்தன.

காத்தாயி துள்ளிக் குதித்தாள். "ரெண்டு காய் கனம் ஒரே காயில!" என்று சொல்லி, மற்ற மொட்டுகளை எல்லாம் கிள்ளி எறிந்தாள்.

காலையில் கொசுத்தேனீ ஒன்று ஆண் பூவின் மகரந்தத்தோடு வந்தது. பூவைச் சுற்றிச் சுற்றிப் பறந்தது. "இதுக்கு எது வாசல்? எது கொல்லை?" என்று சலித்துக்கொண்டு ஒரு பக்கம் மட்டும் நுழைந்துவிட்டுப் போனது.

காய் பருத்தது. இரண்டு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத காய். கீழக்காடே வந்து பார்த்துப் பூரித்தது. சடையாண்டி உப்பளப் பேச்சை விட்டுவிட்டு வாய்க்காலைச் செதுக்கினான். கொடியிடம் மட்டும் யாரும் எதுவும் கேட்கவில்லை.

மடை திறக்கும் நாள் வந்தது. கொடியின் நுனித் துண்டோடு சேர்த்துக் காயை வெட்டிச் சுமந்து போனார்கள். மேலக்காட்டுக் காய் அதில் பாதிகூட இல்லை. காத்தாயி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாலு பேர் தூக்கி மடைக்கல்லில் வைத்தபோது, இரண்டும் ஒட்டியிருந்த இடத்தில் காய் படீரென்று பிளந்தது. ஒரு பக்கம் சதையும் விதையும் இருந்தன. மறுபக்கம் வெறும் கூடு.

"பிளந்த காய் அம்மனுக்கு ஆகாது" என்றார் மடைக்காரர். தண்ணீர் மேலக்காட்டுக்குப் போனது.

கூட்டம் கலைந்த பிறகு அம்மன் கல்லிலிருந்து இறங்கி வந்தாள்.

"உனக்குத்தான் வாய் இருக்கே. முடியலைன்னு சொல்லியிருக்கலாமே?" என்று காயோடு வந்த கொடித்துண்டைப் பார்த்துக் கேட்டாள்.

"சொன்னா அவ மனசு கஷ்டப்படும்னு சொல்லலை தாயே."

"இப்ப படலையா?"

காத்தாயி பிளந்த காயின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "ஒரு வார்த்தை வேண்டாம்னு சொல்லியிருந்தியானா..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். "சொல்லியிருந்தா மட்டும் நான் கேட்டிருக்கவா போறேன்?" என்றாள்.

அம்மன் இருவரையும் பார்த்தாள். "சொல்லத் துணியாததுக்கும் கேட்க மனசில்லாதவளுக்கும் நடுவுல பேச்சு எதுக்கு? உன் வாயை நான் எடுத்துக்கறேன். இனி பூ காட்டட்டும். கண்ணு இருக்கிறவங்க பார்த்துக்கட்டும்."

மறுநாள் காத்தாயியும் சடையாண்டியும் உப்பளத்துக்குப் போனார்கள். போகும் வழியில் அவள் கொடியிடம் போய் நின்று என்னவோ கேட்டாள். கொடியிடமிருந்து பதில் வரவில்லை.

அன்று முதல்தான், எருவையும் வெயிலையும் தாங்கமுடியாதபடி ஏற்றிவிட்டால் பரங்கிக்கொடி தட்டைத் தண்டு விட்டு, ஒட்டிப் பிறந்த பெண் பூவைப் பூக்கிறது. பெரிய காய்க்கு ஆசைப்படுகிறவர்கள் அதைப் பார்த்ததும் கிள்ளிவிடுகிறார்கள், எருக்கூடையைக் கீழே வைக்கிறார்கள். கொடி அன்று காத்தாயியிடம் சொல்லாமல் விட்ட "வேண்டாம்" அதுதான்.