பஸ் ஸ்டாண்டுல கழிஞ்ச வருஷம்

இந்தக் கதை முடிவுல ஒரு கேள்வி வரும், விடை தெரிஞ்சவங்க அதுவரைக்கும் வாயை மூடிக்கிட்டு இருக்கணும். நம்ம வைரமணிக்குச் சாதாரணமா முடியாத வேலை அது.

சாத்தூர் பக்கம் ஒரு பாலிடெக்னிக்ல வைரமணியும் ரிஸ்வானும் ஒரே பெஞ்சு. ஆறாங்கிளாஸ்ல ஒட்டினவனுக. வைரமணி ஜோக்கு சொல்வான், ரிஸ்வான் சிரிப்பான். ரெண்டு பேருக்கும் வேற ஆள் கிடையாது. படிச்சு முடிச்சதும் ஒரு வருஷம் சும்மா ரயில் ஏறி ஊர் சுத்தணும்னு பேசி வச்சிருந்தானுக.

ரெண்டாம் வருஷம் தொடங்கின வாரமே ரிஸ்வான் பைக்ல விழுந்தான். இடுப்பெலும்பு போச்சு. ஒரு வருஷம் படுக்கைன்னுட்டார் டாக்டர்.

ஆஸ்பத்திரி கட்டில்ல கிடந்துக்கிட்டே ரிஸ்வான் கையை நீட்டினான். "எனக்காக நீ படிப்பை நிறுத்தக் கூடாது. சத்தியம் பண்ணு."

"பண்ணலேன்னா? எந்திரிச்சு ஓடிவந்து அடிக்கவா போற?"

"பண்ணுடா."

பண்ணிட்டான்.

வெளிய வந்தா வராண்டாவுல ரிஸ்வானோட அம்மா. "தம்பி, அடுத்த வருஷம் சின்னப் பயலுக நடுவுல அவன் தனியா உக்கார மாட்டான்ப்பா. படிப்பையே விட்ருவான். நீயும் ஒரு வருஷம் நின்னு அவன்கூடப் போ. அவன்கிட்ட மட்டும் சொல்லிறாத." அழுதுட்டாங்க. அங்கயும் ஒரு சத்தியம்.

நிக்கவும் கூடாது, நிக்காம இருக்கவும் கூடாது. வைரமணி ஒரு வழி கண்டுபிடிச்சான். எழுதிக் கொடுத்து நிக்கல, சும்மா வகுப்புக்குப் போகல. அட்டெண்டன்ஸ் பத்தலேன்னு பரீட்சை எழுத விடமாட்டாங்க, அடுத்த வருஷம் அதே வகுப்புல உக்கார வைப்பாங்க. நிறுத்தினது காலேஜு, இவன் இல்லையே!

தினம் காலைல பையை மாட்டிக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போவான். கூடப் படிச்சவனுக பஸ் ஏறிப் போற வரைக்கும் கட்டணக் கழிப்பிடத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சு நிப்பான். அப்புறம் பகல் பூரா சிமெண்ட் பெஞ்சு. ஒருநாள் பக்கத்துல உக்காந்திருந்த பெரியவர்கிட்ட ஒரு ஜோக்கு சொன்னான். "எந்த ஊருக்குப் போகணும் தம்பி?"ன்னார் அவர். அதோட யார்கிட்டயும் ஜோக்கு சொல்றதில்ல.

சாயந்திரம் ரிஸ்வான் வீட்டுக்குப் போய், நடக்காத வகுப்பை நடந்த மாதிரி அளப்பான். வாத்தியார் தும்மினதுல பல்செட்டு தெறிச்சு லேத் மெஷின்ல விழுந்துச்சும்பான். படுத்தபடியே ரிஸ்வான் சிரிப்பான். இருட்டுற நேரத்துக்கு அவன் அம்மா தீப்பெட்டி ஆபீஸ் வேலை முடிஞ்சு வருவாங்க. இவன் கிளம்பிருவான்.

வருஷம் ஓடுச்சு. ரிஸ்வான் கம்பு ஊனிக்கிட்டு வகுப்புக்கு வந்தா, உள்ள உக்காந்திருக்கான் வைரமணி. சின்னப் பயலுக அவனை "அண்ணே"ங்கறானுக.

"நீ ஏன்டா இங்க?"

"நான் நிக்கலடா, நிறுத்திட்டாங்க."

"அப்ப பகலெல்லாம் எங்க இருந்த?"

"பஸ் ஸ்டாண்டுல."

ரிஸ்வான் கம்பை எடுத்தான். மெதுவா நடந்து போய் வேற பெஞ்சுல உக்காந்துட்டான்.

சத்தியத்தை மீறிட்டான்ங்கறான் ரிஸ்வான். சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டான்ங்கறாங்க அவன் அம்மா. ரெண்டையும் காப்பாத்தினேன்ங்கறான் வைரமணி. சொல்லுங்க, இதுல யார் பக்கம் நியாயம்? ரிஸ்வான் நிஜமா எதுக்குப் பெஞ்சு மாறினான்?

விடை: காலேஜு மேல பழியைப் போட்டாலும் நிறுத்தினது வைரமணிதான். முதல் சத்தியம் போச்சு. ஆனா ரிஸ்வானோட கோவம் அதுக்கில்ல. அம்மா வேலைக்குப் போனதும் அவன் பகல் பூரா ஃபேனைப் பாத்துக்கிட்டுத் தனியாக் கிடந்தான். அதே ஊர்ல இவன் பஸ்ஸைப் பாத்துக்கிட்டுத் தனியா உக்காந்திருந்தான். ரெண்டு பேரும் சேர்ந்து கழிக்க அதைவிட நல்ல வருஷம் கிடையாது, அதை வைரமணி ஒளிஞ்சே தீர்த்துட்டான். ஒரு பகல் போய்ப் பக்கத்துல உக்காந்திருந்தா ரிஸ்வான் கன்னாபின்னான்னு திட்டியிருப்பான். திட்டிக்கிட்டே கட்டில்ல கொஞ்சம் நகந்து இடம் விட்டிருப்பான்.