நொச்சி பாறையில வீடு குடைஞ்ச கதை

ஒரு ஊர்ல ஒரு பாறை இருந்துச்சு. பாறைன்னா துணி துவைக்கிற பாறை இல்ல தேனு, ஒரு ஆனை படுத்திருந்தா எப்படி இருக்கும், அதுமாதிரி நூறு ஆனை ஒண்ணா படுத்திருந்தா எப்படி இருக்கும், அம்மாம் பெரிய பாறை. இன்னிக்குப் பாத்தோம்ல, ஓட்டை ஓட்டையா வாசல் வெச்சு? அதேதான். உங்கண்ணன் அதைக் குள்ளனுங்க வீடுன்னு சொன்னான். எங்கம்மா எனக்கு வேற கதை சொன்னாங்க. பெரியம்மா அதைச் சொல்றேன், நீ ம் கொட்டு.

ம்.

அந்தப் பாறைக்குக் கீழ ஒரு ஆறு, ஆத்தோரமா ஊரு. அங்க நொச்சின்னு ஒருத்தி இருந்தா. அவ புருசன் கோடன், மாடு மேய்க்கிறவன். ஒரு மழையில கன்னுக்குட்டி ஒண்ணு வெள்ளத்துல போச்சு. கோடன் குதிச்சான். கன்னுக்குட்டி கரையேறிடுச்சு. அவன் ஏறல. மறுநாள் அவன் உடம்புதான் கரை ஒதுங்குச்சு.

அப்போ அந்த ஊர்ல என்ன வழக்கம்னா, யாராவது செத்துட்டா ஒரு பெரிய பானையில வெச்சு ஆத்தங்கரையில புதைப்பாங்க. கோடனையும் அப்படித்தான் புதைச்சாங்க. அப்புறம் அடுத்த மழை வந்துச்சு. ஆறு சலசல சலசலன்னு ஏறி, கரையைத் தின்னுக்கிட்டே வந்துச்சு. பழைய பானையெல்லாம் ஒண்ணொண்ணா பொளக் பொளக்னு தண்ணியில விழுந்து மிதந்து போச்சு. ஊர்ல யாரும் அழல. "ஆறு கேட்டுச்சு, குடுத்தோம்"னு வீட்டுக்குப் போயிட்டாங்க.

நொச்சி போகல. கொட்டுற மழையில மம்முட்டியால வெட்டி, கோடன் பானையைத் தோண்டி எடுத்து, தலைமேல வெச்சுக்கிட்டு ஊருக்குள்ள வந்தா. மாமியா வாசல்ல மறிச்சா. "செத்தவனை ஊருக்குள்ள கொண்டு வரலாமாடி? ஆத்துக்கிட்டயே குடுத்துரு"ன்னா.

"ஆறு ஒரு தடவை அவனை எடுத்துக்கிச்சு அத்தை. இன்னொரு தடவை குடுக்க மாட்டேன்."

ஊர்க்காரங்க கூடிப் பேசுனாங்க. பானை ஊருக்கு வெளிய புளியமரத்தடியில இருக்கட்டும், அடுத்த மழைக்காலம் வரைக்கும்தான், அதுக்கப்புறம் ஆத்துக்குத்தான்னு சொல்லிட்டாங்க. நொச்சி அண்ணாந்து பாறையைப் பாத்தா. அம்மாம் உயரத்துக்கு ஆறு வராது. ஒரு உளியும் சுத்தியும் எடுத்துக்கிட்டு விடுவிடுன்னு மேல ஏறுனா. ம் சொல்லு.

ம்.

டங்! ஒரு அடி அடிச்சா. பாறை குலுங்குச்சு. கொர்ர்ர்னு ஒரு கொட்டாவி. "யாரது என் முதுகுல தட்டுறது?"

பூதம்! பாறைக்குள்ள பூதம் இல்ல தேனு, அந்தப் பாறையேதான் பூதம்.

"நான்தான் நொச்சி. என் புருசனுக்கு வீடு குடையணும்."

"செத்தவனுக்கு எதுக்கு வீடு? அவன் மழையில நனையுறானா?"

"அவனுக்குத் தெரியாது. ஒவ்வொரு மழைக்கும் எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது."

"போ போ"ன்னு பூதம் உடம்பை இறுக்கிக்கிச்சு. உளி முனை மழுங்கிப்போச்சு. பாறையில ஒரு கீறல் விழல. நொச்சி என்ன பண்ணுனா? காஞ்ச முள்ளு, சுள்ளி எல்லாம் கொண்டாந்து குவிச்சுத் தீ வெச்சா. பாறை பழுக்கக் காஞ்சதும் குடத்துத் தண்ணிய ஊத்துனா. சுர்ர்ர்... படார்! பலகை மாதிரி கல்லு பேந்து வந்துச்சு. பூதம் "ஐயோ சுடுதே!"ன்னு அலறுச்சு. இவ உளியைத் தீட்டிக்கிட்டு டங் டங்னு அடிச்சா.

அப்போ பூதத்துக்குக் கோவம் வந்துச்சு. தன் அக்குள்ல இருந்த மலைத்தேனீ அத்தனையும் கிளப்பி விட்டுச்சு. ங்ஙொய்ய்ய்ய்! நொச்சி கம்பளியை இழுத்துப் போத்திக்கிட்டு வீட்டுக்கு ஓடுனா. மூஞ்சி பூசணிக்காய் மாதிரி வீங்கிருச்சு. ஒரு கண்ணு தெறக்கல.

மாமியா மஞ்சளை அரைச்சுப் பூசிவிட்டா. விடிஞ்சு பாத்தா நொச்சி ஒத்தைக் கண்ணோட மறுபடி உளியைத் தேடுறா. மாமியா அதுக்கு முன்னாடியே சுத்தியைக் கையில எடுத்துக்கிட்டு நிக்கிறா.

"நீங்க எங்க அத்தை?"

"அவன் எனக்குப் புள்ளடி. நட."

ரெண்டு பேரும் பச்சைத் தழையைக் கொளுத்திப் புகை போட்டாங்க. தேனீ அத்தனையும் பறந்துபோச்சு. அப்புறம் இவ உளியைப் புடிக்க, அவ அடிக்க, அவ புடிக்க, இவ அடிக்க, டங் டங் டங்! வெயில்காலம் போச்சு, காத்துக்காலம் வந்துச்சு. ஒரு ஆள் உக்கார்ற அளவுக்குத்தான் பள்ளம் விழுந்திருந்துச்சு. அந்தப் பக்கம் மேகம் கறுக்குது. தூங்கிட்டியா?

ம்ஹூம்.

அப்போ பூதம் மிரட்டல. தேன் மாதிரி குரல்ல பேசுச்சு. "ஏம்மா, கையெல்லாம் ரத்தம். இந்த வேலை இப்போதைக்கு முடியாது. நான் ஒண்ணு சொல்லட்டா? உங்க ரெண்டு பேருக்கும் அவன் ஞாபகமே இல்லாம பண்ணிடறேன். அழுகை இருக்காது. மழை பெஞ்சாலும் தூக்கம் வரும்."

நொச்சி புடிச்சிருந்த உளி சாஞ்சுது. தூங்கி எவ்வளவு நாளாச்சு! அவ மாமியாளைப் பாத்தா. மாமியா கையில இருந்த சுத்தி மெதுவா இறங்குச்சு.

"நான் அவனைப் பெத்ததும் மறந்துருமா?"ன்னு மாமியா கேட்டா.

"மறந்துரும்."

"அவன் மொதமொதல்ல நடந்தது?"

"எல்லாம்."

மாமியா கண்ணைத் தொடைச்சுக்கிட்டு, "நொச்சி, உளியை நேராப் புடி"ன்னா.

டங்!

பூதம் இறுக்கியிருந்த உடம்பைத் தளத்திக்கிச்சு. அப்புறம் பெருமூச்சு விட்டுச்சு. பாறையெல்லாம் வெதுவெதுன்னு ஆயிருச்சு. "இடது பக்கமாத் தட்டு. அங்க கல்லு மெத்துன்னு இருக்கும். ஆனா ஒண்ணு, வாசலைச் சின்னதா வெய்யி. பெருசா வெச்சா காத்து புகுந்து எனக்கு வயிறு கூசும்."

"சரி"ன்னு நொச்சி சொன்னா. சொன்னப்போ அவளுக்கு லேசா சிரிப்பு வந்துச்சு. அவன் போனதுல இருந்து அவ சிரிச்சதே இல்ல.

அதனாலதான் வாசல் அம்மாம் சின்னது, தேனு. உள்ள பாத்தா அறை மாதிரி விசாலமா இருக்கும்.

ம்.

மொத மழை விழுந்த அன்னிக்கு வேலை முடிஞ்சுது. ஆளுக்கொரு பக்கமாப் புடிச்சுப் பானையை மேல தூக்கியாந்தாங்க. நொச்சி தவழ்ந்து உள்ள போனா. பானையை வெச்சு, ஒரு கிண்ணத்துல கம்பு, ஒரு கிண்ணத்துல தண்ணி வெச்சா. "இங்கயே இரு. ஆறு வராது"ன்னா. வெளிய வந்து கல்லால வாசலை மூடுனா.

அன்னிக்கு ராத்திரி இடி இடிச்சு, வானமே பொத்துக்கிட்டு ஊத்துச்சு. மாமியாளும் மருமகளும் ஒரே பாய்ல படுத்து அடிச்சுப்போட்ட மாதிரி தூங்குனாங்க.

விடிஞ்சதும் நொச்சி கதவைத் தெறந்தா. வாசல்ல ஒரு பொம்பள நிக்கிறா. அவ தலையில ஒரு பானை, மண்ணும் தண்ணியும் ஒழுகுது. அவளுக்குப் பின்னால இன்னொருத்தி. அவளுக்கும் பின்னால, தெருக்கோடி வரைக்கும் ஆளுங்க, ஆளுக்கொரு பானையோட.

முன்னால நின்னவ கேட்டா, "எங்கம்மாவை ஆத்துக்குக் குடுக்க மனசு வரல நொச்சி. எனக்கும் ஒண்ணு குடைஞ்சு தர்றியா?"

நொச்சி கையில இன்னும் புண்ணு ஆறல. அவ உளியை எடுத்து அந்தப் பொம்பள கையில குடுத்தா.

"நீ புடி. நான் அடிக்கிறேன்."

டங்... டங்... டங்...

பாறை நெறைஞ்சுது, கதையும் நெறைஞ்சுது. கண்ணை மூடு, சாமி.