சுனைப் பந்தயத்துக்குச் சைக்கிள் பழகிய சருகுமான்

கீழ்க்காட்டில் அல்லி என்றொரு சருகுமான் இருந்தது. முயலைவிடச் சற்றே பெரிய உடம்பு. குச்சி குச்சியாகக் கால்கள். காற்றில் ஓர் இலை புரண்டாலும் அதன் நெஞ்சு படபடக்கும். அப்படிப்பட்ட அல்லியைத்தான் அந்த வருடச் சைக்கிள் பந்தயத்துக்குக் கீழ்க்காட்டு விலங்குகள் தேர்ந்தெடுத்தன.

அது வேடிக்கைக்கு நடக்கும் பந்தயம் அல்ல. மலையுச்சியில் ஒரே ஒரு சுனை இருந்தது. கோடை வந்தால் அதன் தண்ணீரை ஒரு பக்கம்தான் திருப்பிவிட முடியும். கீழ்க்காட்டுக்கா, மேற்குச் சரிவுக்கா? இதற்காக முட்டி மோதி ரத்தம் சிந்துவதைவிடச் சைக்கிள் பந்தயம் மேல் என்று இரண்டு பக்கத்தாரும் என்றோ பேசி முடித்திருந்தார்கள். யார் முதலில் உச்சிக்கு வருகிறாரோ, அவர் பக்கத்துக்கு முதல் இருபது நாள் தண்ணீர்.

போன வருடம் கீழ்க்காட்டுக்காக ஓட்டிய காட்டுப்பன்றி தோற்றுப்போனது. இருபது நாளில் குளம் சேறானது. அந்தச் சேற்றைக் குடித்த குட்டிகளில் இரண்டு பிழைக்கவில்லை. ஒன்று அல்லியின் தங்கை பெற்ற குட்டி.

"மேடு ஏற எடை குறைவா இருக்கணும். உன்னை விட்டா ஆள் இல்லை" என்றன எல்லா விலங்குகளும். அல்லியால் மறுக்க முடியவில்லை. அன்றிலிருந்து அதற்குத் தூக்கமும் சரியாக வரவில்லை.

உச்சிக்குப் போகும் பாதையில் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். அல்லி தினமும் இரண்டு முறை ஏறி இறங்கியது. முதல் வாரம் நன்றாகவே போயிற்று. விடிந்ததும் கிளம்பினால், உச்சிப் பாறையின் பனி ஈரம் காய்வதற்குள் மேலே போய்விடும்.

அப்போதுதான் கொண்டையன் என்ற கரிச்சான் குருவி வந்து பாதையோரக் கிளையில் உட்கார்ந்தது.

"அல்லி, மேற்குச் சரிவுக்குப் போய்ட்டு வர்றேன். அங்க இந்த வருஷம் யார் ஓட்டுறாங்க தெரியுமா? மலையாண்டி."

மலையாண்டி ஒரு வரையாடு. செங்குத்துப் பாறையிலேயே வளர்ந்தது. 

"எப்படி ஓட்டுது?" என்று கேட்டது அல்லி.

"இன்னிக்கு மட்டும் அஞ்சு தரம் ஏறி இறங்குச்சு. என் கண்ணால பார்த்தேன். நீ எத்தனை தரம்?"

"ரெண்டு" என்று மெதுவாகச் சொன்னது அல்லி.

"ரெண்டுதானா?" என்றது கொண்டையன். வாலை ஆட்டியது.

மறுநாள் அல்லி மூன்று முறை ஏறியது. "மலையாண்டி ஆறு" என்றது கொண்டையன். அல்லி நான்கு முறை ஏறியது. "மலையாண்டி எட்டு" என்றது. அல்லி விடியலில் கிளம்பிப் பொழுது சாயும்வரை மிதித்தது. தின்றால் வயிறு கனக்கும், கனத்தால் மேடு ஏறாது என்று அத்திப்பழத்தைக்கூடத் தொடவில்லை. அது மிதிக்கும்போது பல நேரம் கொண்டையன் பின்னாலேயே தாழப் பறந்து வந்தது. துணைக்கு வருகிறது என்று அல்லி நினைத்துக்கொண்டது.

ஆனால் ஒன்று அதற்குப் புரியவில்லை. மிதிக்க மிதிக்க வேகம் குறைந்துகொண்டே வந்தது. படுத்திருக்கும்போதும் நெஞ்சு தடதடவென்று அடித்தது. கால்கள் ஈர மணல் கட்டியதுபோல் கனத்தன. ஒருநாள் காலை முதல் ஏற்றத்திலேயே, உச்சிக்குப் போய்ச் சேர்வதற்குள் பாறை சுடத் தொடங்கிவிட்டது.

'இன்னும் உழைக்கணும். எனக்கு உழைப்பு பத்தலை' என்று அல்லி தன்னையே திட்டிக்கொண்டது. குளத்தின் பக்கம் திரும்பிப் பார்க்கவும் பயமாக இருந்தது. தண்ணீர் ஓரங்களிலிருந்து நடுவுக்கு ஒதுங்கிக்கொண்டிருந்தது.

பந்தயத்துக்குப் பதினான்கு நாள் இருக்கும்போது, ஐந்தாம் முறை இறங்கிவந்த அல்லிக்கு ஒன்பதாம் வளைவில் கண் செருகியது. ஒரே நொடிதான். சைக்கிளோடு உண்ணிச்செடிப் புதருக்குள் போய் விழுந்தது. ஹேண்டில்பார் கோணிப்போயிற்று. முழங்காலில் தோல் உரிந்தது.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முள்ளம்பன்றி சடைச்சியிடம் போனது. அந்தக் காட்டில் சைக்கிள் ரிப்பேர் பார்ப்பது சடைச்சிதான். தன் முட்கள் டியூபில் படாமலிருக்க முதுகில் ஒரு கோணிச் சாக்கைப் போர்த்திக்கொண்டு வேலை செய்யும்.

"சீக்கிரம் நிமித்திக் கொடு சடைச்சி. இன்னிக்கு இன்னும் ஒரு தரம் ஏறணும்."

சடைச்சி ஹேண்டில்பாரைப் பார்க்கவில்லை. அல்லியைப் பார்த்தது. விலா எலும்புகளை எண்ணிவிடலாம்போல் இருந்தது.

"நாலு நாளைக்கு இந்த சைக்கிள் உனக்குக் கிடையாது" என்றது.

"என்ன விளையாடுறியா? மலையாண்டி எட்டு தரம் ஏறுது. நான் நாலு நாள் சும்மா இருந்தா எல்லாம் போச்சு."

"எட்டு தரம் ஏறுறதை நீ பார்த்தியா?"

"கொண்டையன் பார்த்தது."

"நீ பார்க்கலை இல்லையா? சைக்கிள் இங்கேயே இருக்கட்டும். நீ போய்ப் பார்த்துட்டு வா" என்று சொல்லிவிட்டு, சடைச்சி சைக்கிளின் இரண்டு சக்கரங்களையும் கழற்றி உள்ளே வைத்துவிட்டது.

அல்லிக்கு அழுகை முட்டியது. அன்றும் மறுநாளும் அது சுருண்டு கிடந்தது. கிடந்த ஒவ்வொரு நாழியும் மலையாண்டி ஏறிக்கொண்டே இருப்பதாக மனம் சொன்னது. மூன்றாம் நாள் காலை தாங்க முடியாமல் நடந்தே மலையைச் சுற்றி மேற்குச் சரிவுக்குப் போனது.

அங்கே பாதை வெறிச்சோடிக் கிடந்தது. மலையாண்டி ஒரு பாறை நிழலில் கால் நீட்டிப் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது.

அல்லி ஒளிந்துகொள்ளப் பார்த்தது. அதற்குள் மலையாண்டி கண்டுவிட்டது.

"வா தங்கச்சி. கீழ்க்காட்டு அல்லிதானே? ஏன் இப்படி இளைச்சுப் போயிருக்கே?"

"அண்ணே, நீங்க இன்னிக்கு ஏறலையா?"

"நேத்துதான் மூச்சு வாங்க ரெண்டு தரம் ஏறினேன். இன்னிக்கு ஓய்வு. நாளைக்குச் சமதரையில பேசிக்கிட்டே மிதிப்பேன். வாரத்துக்கு ரெண்டு நாள்தான் கடுமையா ஏறுறது."

"எட்டு தரம் ஏறுறதா..."

மலையாண்டி அசைபோடுவதை நிறுத்தியது. "யாரு, கொண்டையனா? என்கிட்ட நீ பத்து தரம் ஏறுறேன்னு சொல்லுச்சு. பயந்துபோய் நானும் ஒருநாள் ஒன்பது தரம் ஏறினேன். மறுநாள் குளம்பு ஊன்ற முடியலை. ஒரு வாரம் வீணாப்போச்சு. அப்புறம்தான் அது எதுக்கு என் பின்னாலேயே வருதுன்னு கவனிச்சேன். சைக்கிள் போற அதிர்வுல புல்லுல இருக்கிற வெட்டுக்கிளி எல்லாம் கிளம்பும். அதைப் பிடிச்சுத் தின்னுது. நாம எத்தனை தரம் ஏறுறோமோ, அத்தனை தரம் அதுக்குச் சாப்பாடு."

அல்லி நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டது. கோபம்கூட வரவில்லை. 

திரும்பும் வழியில் கொண்டையன் எதிரே வந்தது. "என்ன அல்லி, மூணு நாளா ஆளையே காணோம்? மலையாண்டி இன்னிக்கு ஒன்பது தரம் ஏறுச்சு" என்றது.

"உனக்கு இன்னிக்கு வெட்டுக்கிளி எதுவும் கிடைக்கலையோ?" என்று கேட்டது அல்லி.

கொண்டையன் வேறு மரத்துக்குப் பறந்துபோனது.

உண்மை தெரிந்ததால் பயம் போய்விடவில்லை. நான்கு நாள் முடிந்து சடைச்சி சைக்கிளைக் கொடுத்தபோது, பந்தயத்துக்குப் பத்தே நாள் இருந்தது. அல்லி கடுமையாக ஏறியது அதில் இரண்டு நாள் மட்டும்தான். மற்ற நாட்களில் மூச்சு இரைக்காமல் குளத்தைச் சுற்றி மிதித்தது. கிளம்பும்முன் அத்திப்பழம் தின்றது. கடைசி இரண்டு நாள் சும்மா இருந்தது. அந்தச் சும்மா இருத்தல்தான் எல்லா ஏற்றத்தையும்விடக் கடினமாக இருந்தது. சைக்கிளைப் பார்த்தாலே கால் துடித்தது. 'கெடுத்துட்டேனோ?' என்று சடைச்சியிடம் ஒரே நாளில் பத்துத் தடவை கேட்டது. "தெரியாது. போய்த் தூங்கு" என்றது சடைச்சி.

பந்தயம் ஒரு வருடம் மேற்குச் சரிவுப் பாதையிலும் மறுவருடம் கீழ்க்காட்டுப் பாதையிலும் நடக்கும்; அந்த வருடம் கீழ்க்காட்டுப் பாதையின் முறை. பந்தயத்தன்று விடிந்ததும் இருவரும் கிளம்பினார்கள். நான்காம் வளைவிலேயே மலையாண்டி முன்னால் போய்விட்டது. ஏழாம் வளைவில் அதன் வால்கூடத் தெரியவில்லை. அல்லியின் நெஞ்சு பதறியது. எழுந்து நின்று மிதிக்கத் துடித்தது. ஆனால் தன் மூச்சைக் கவனித்தது. இதற்குமேல் போனால் உச்சி வரை தாங்காது என்று மூச்சு சொன்னது. கியரை இலேசாக்கிக் கால்களைச் சீராகச் சுழற்றிக்கொண்டே போனது.

பத்தாம் வளைவில் மலையாண்டியின் முதுகு தெரிந்தது. பன்னிரண்டாம் வளைவுக்குமேல் பாதை சுவர்போல் நிமிர்ந்து நின்றது. அங்கே மலையாண்டியின் கனத்த உடம்பு அதைப் பின்னுக்கு இழுத்தது. அல்லியின் கால்களில் இன்னும் பலம் மிச்சம் இருந்தது. அப்போதுதான் அது முதல்முறையாக எழுந்து நின்று மிதித்தது.

உச்சியை அது தொட்டபோது மலையாண்டி அரைச் சக்கரம் பின்னால் இருந்தது. பாறை மேல் பனி ஈரம் இன்னும் காயவில்லை.

"நல்லா ஏறினே தங்கச்சி" என்று மூச்சு வாங்கச் சொன்னது மலையாண்டி. சொல்லிவிட்டு மேற்குச் சரிவைப் பார்த்தபடி நெடுநேரம் நின்றது. அல்லிக்கு அதன் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை.

அன்று உச்சிப் பொழுதில் சுனைத் தண்ணீர் கீழ்க்காட்டுக் குளத்துக்கு வந்து சேர்ந்தது. அல்லியின் தங்கைதான் முதலில் இறங்கிக் குடித்தது.

அடுத்தவர் எவ்வளவு உழைக்கிறார் என்று பயந்து உழைப்பவர் தன் பலத்தைத் தானே அழித்துக்கொள்வார். தன் உடம்பின் அளவறிந்து உழைப்பவருக்கு ஓய்வும் பலமாகும்.